குறை யாருடையது?

ஆக்கியவன் தன் ஆக்கத்தில் குறையுண்டென அறிந்தும் அதனை உலகிற்கு வழங்கலாமா? அது அறமா, வஞ்சனையா? கணினி மென்பொருளைப் பற்றி இன்று இக்கேள்வி எழுகின்றது.

மென்பொருள் முற்றுப்பெறுமுன் அதனைச் சிலர் கையில் கொடுத்துச் சோதிப்பர். அதனைப் பீட்டாப் பதிப்பு என்பர். நாம் வெள்ளோட்டம் எனலாம். அதில் அடிக்கடி அகப்படும் குறைகள் இரண்டு. தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இவற்றை விளக்குதல் எளிது. பால்மரத்து மங்கு கொள்ளும் அளவுக்குமேல் பால் வடிந்தால் நிலத்தில் சிந்தும். கணினியிலோ, அளவிட்ட நினைவிடத்தில் மிகுதியாக எழுத்துகளை ஊற்றினால், அவை வழிந்து பக்கத்து இடத்திலுள்ள செய்தியை அழித்துவிடும். மற்றது, கலியாணத்துக்கு இரவல் வாங்கிய அண்டாவைத் திருப்பித் தராமை போன்றது. வாங்கிய நினைவிடத்தை வேலை முடிந்தும் மென்பொருள் விடாதாயின், நாளடைவில் இடமின்றிக் கணினி திணறும். பரிகாரம் தெளிவே: ஊற்றுமுன் அளக்க வேண்டும், வாங்கியதைத் திருப்ப வேண்டும்.

இதில் தமிழர்க்குத் தனி அக்கறை உண்டு. இன்று பெருவழக்கான யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட் வேண்டும். கிள்ளான் என்னும் ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் 5 பைட். தமிழிலோ, கண்ணுக்கு 4 எழுத்தாகத் தோன்றும் அதுவே 8 குறிகளாலாகி 24 பைட் கொள்ளும். ஆங்கிலத்தையே எண்ணி 20 பைட் இடம் ஒதுக்கினால் நம் ஊர்ப்பெயர் வழியும், அல்லது வெட்டுண்டு நிற்கும். உடனே நம்மவர் சிலர், “தமிழ் கணினிக்கு ஒத்துவராது” என்பர். தோழர்களே, மங்கு சிறிதானால் பாலையா பழிப்பது? பிறர் அளவுப் பிழையை நம் தலைவிதியாக ஏற்கும் பழக்கம் இங்கும் தொடரலாமா? மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கியபோது அவ்விதியை ஏற்றிருந்தால் நம் நிலை என்ன? கருவியைத் தமிழுக்கு இணக்கலாம் என்பதற்கு அம்முயற்சியே சான்று.

எனினும் குறை தானே வெளிப்படாது. இணையத் தொடர்பைக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 2012 மார்ச்சு முதல் ஒரு பிழை இருந்தது. கேட்பவன் சொன்ன அளவைச் சரிபாராமல், நினைவகத்தில் அடுத்திருந்த அந்தரங்கங்களையும் ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை அது அள்ளிக் கொடுத்தது. அதன் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்தே கிடந்தது. ஆயினும் ஈராண்டுக்குமேல் எவரும் எடுத்துரைக்கவில்லை. 2014 ஏப்ரல் 7 அன்று பிழை வெளியாயிற்று. அன்றே திருத்தமும் வந்தது. திறந்திருத்தல் மட்டும் போதாது. பார்ப்பாரும் வேண்டும், பார்த்ததைச் சொல்வாரும் வேண்டும்.

ஆகவே, குறையோடு வழங்குதல் குற்றமன்று; குறையை மறைத்து முற்றியதென வழங்குதலே குற்றம். சோதனை என்று அறிவியாமல் மக்களைக் கொண்டு சோதிப்பதும் வஞ்சனையே. ஆனால் அறிவித்துக் கொடுத்தபின் கடமை நம்முடையதுமாகும். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலோ கிள்ளான் வீட்டிலோ வெள்ளோட்டப் பதிப்பைக் கையாளுவோர், எச்சொல்லைத் தட்டியபோது கணினி நின்றதென ஆக்கியோர்க்கு எழுத வேண்டும். கற்றவர் செய்ததைக் குறை கூறலாமா என்று நாணி வாளாவிருத்தல் மரியாதையன்று. அடுத்து வருவோர்க்கு அக்குழியை அப்படியே விட்டுச் செல்வதாகும். சொல்லுங்கள், செய்தவரும் சினவாது கேட்டுத் திருத்தட்டும்.