ஊர் எது? அயலார் யார்?

சென்ற மாதம் ஜூரோங் வட்டாரத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தைக் கடந்து சென்றோம். அங்கே ஒரு சவப்பெட்டி. அதன் அருகில் மகனும் மருமகளும். எதிரே ஐம்பது நாற்காலிகள். அவற்றில் அமர்ந்திருந்தவர் ஒன்பதின்மரே. மின்தூக்கிக்குக் காத்து நின்ற ஒருவரிடம், "இறந்தவர் யார், ஐயா?" என்று வினவினோம். "எந்த மாடி என்றுகூடத் தெரியாதே" என்றார். அவர் குடியிருப்பதும் அதே கட்டடந்தான். எம்முடன் வந்த எண்பது கடந்த நண்பர், இளமையில் அப்பகுதியிலே பால்மரம் வெட்டியவர், "கம்பத்தில் ஒருவனும் இப்படிப் போனதில்லை" என்று பெருமூச்செறிந்தார். அவர் சொல் முற்றும் மெய்தானா? மெய்யாயின் அதன் காரணம் யாது? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஜூரோங் சிங்கப்பூர்த் தீவின் தென்மேற்குப் பகுதி. 1961ஆம் ஆண்டுக்கு முன் அது தாழ்ந்த குன்றுகளும், பால்மரத் தோட்டங்களும், சுங்கை ஜூரோங் ஆற்றோரம் கண்டல் மரங்கள் செறிந்த சேற்று நிலமுமாய்க் கிடந்தது. தோட்டத்தில் தமிழரும் சீனரும் பால் வெட்டினர். கரையோரத்தில் மலாய்க்காரர் மீன் பிடித்தனர். சேற்றுநிலத்தில் இறால் குளங்கள் இருந்தன. கடல் ஏறும்போது மதகைத் திறந்து நீரோடு இறால் குஞ்சுகளையும் உள்ளே விடுவர். நீர் வற்றும் வேளையில் மதகின் வாயில் வலை கட்டி நீரை வெளியே விட்டு இறாலைப் பிடிப்பர். குளத்தின் கரை உடைந்தால் அதை ஒருவன் கையால் அடைக்க இயலாது. பால் வெட்டும் தொழிலும் அத்தகையதே. விடியுமுன் வெட்ட வேண்டும். மழை பெய்தால் மங்கில் விழுந்த பால் வீணாகும். அன்று லயத்தில் எவர் கையிலும் காசு இராது. எல்லார்க்கும் ஒரே நாளில் வரும் பசி, ஒருவர் வீட்டு அரிசியை மற்றவர் வீட்டுக்குப் போகச் செய்தது. அதனை மண்ணின் குணம் என்பது பேதைமை. அது தேவையின் குணம்.

இஃது எங்கும் உள்ளதே. மலாய்க் கம்பத்தார் ஒன்றுகூடி வீடு கட்டுவதையும் பாதை செப்பனிடுவதையும் 'கோத்தோங் ரோயோங்' என்பர். நெடுந்தொலைவிலுள்ள அயர்லாந்தின் சிற்றூர்களில் அறுவடைக் காலத்தில் அயலார் கூடி ஒருவர் வயலை முடித்து அடுத்தவர் வயலுக்குச் செல்வர். 'மெஹல்' என்று அதற்குப் பெயர். 1845 முதல் 1852 வரை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்நாட்டில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். அத்துணைப் பேர் கப்பலேறினர். அத்தகைய நாட்டில் அயலான் கை எவ்வளவு அருமையானது என்று சொல்ல வேண்டுவதில்லை. நம் தாய்நாட்டிலும் ஏரியைத் தூர்வாரும் குடிமராமத்து இருந்தது.

நிற்க. பழமையைப் புகழ்வோர் இங்கேயே நின்றுவிடுவர். நாம் நிற்றல் தகாது. அந்தக் குடிமராமத்துக்கு ஆள் சேர்க்கச் சென்னை மாகாணத்தில் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது. மண் சுமந்தவர் பெரும்பாலும் யார்? அந்த ஏரியில் தண்ணீர் மொள்ள உரிமையற்றவரே! கடல் கடந்து வந்த பின்னும் சாதியை மூட்டையாய்க் கட்டிக் கொணர்ந்தோர் உண்டு. ஒரே துரைக்கு உழைத்து, ஒரே கங்காணியிடம் ஏச்சுக் கேட்டவர்களே தம்முள் உயர்வு தாழ்வு பார்த்தனர். எம் நண்பர் சொன்ன கம்பத்தில் ஒருவனும் தனியே சாகவில்லை என்பது மெய்யாகலாம். ஆனால் யார் பாடையை யார் தூக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருந்ததா என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்து, "இருந்தது" என்றார்.

பின்னர்க் குன்றுகளை வெட்டிச் சேற்றை நிரப்பினர். நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் அத்திட்டத்தை 'கோவின் மடமை' என்று எள்ளினோரும் உண்டு. 1963இல் இரும்பு உருக்காலை உற்பத்தியைத் தொடங்கிற்று; ஆற்றைத் தடுத்து ஏரியாக்கினர்; லயத்துப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளமும், குழாய்நீரும், மின்விளக்கும் கிடைத்தன. அத்தாப்புக் கூரையின் கீழ் ஒருநாளும் ஒழுக்குக்குப் பாத்திரம் வைத்தறியாதவர்களே இதனைக் கேடு என்பர்.

அடுக்குமாடி வாழ்வு சாதிக் கணக்கைத் தளர்த்தியது. இனக் கணக்கைச் சட்டமே எடுத்துக்கொண்டது. 1989 மார்ச்சு முதல் ஒரு கட்டடத்தில் இந்தியரும் பிறரும் 13 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்றனர். 2010இல் அது 15 ஆயிற்று. ஓரினத்தார் ஓரிடத்தே குவிந்து ஒதுங்காதிருக்கச் செய்த ஏற்பாடு இது. அதன் நோக்கத்தை நாம் குறை கூறோம். ஆயினும் சட்டம் கதவுகளை அருகருகே வைக்கலாம். தட்டும் கையைத் தர இயலுமோ? கம்பத்தில் கூட்டு வேலை இருந்தது, சமத்துவம் இல்லை. இங்கே சமத்துவம் பெரிதும் வந்தது. கூட்டு வேலை போயிற்று. நடைபாதை கழுவுதல், குப்பை அகற்றுதல், விளக்கு மாற்றுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் நகர மன்றத்துக்கு மாதக் கட்டணம் செலுத்தித் தீர்த்துவிட்டோம். கட்டணத்தால் தீராதவை முதுமையும் நோயும் சாவுமே.

நாம் கைவிட்ட வேலையை யார் செய்கின்றனர் என்பதை நினைக்குந்தோறும் எம் உள்ளம் கூசுகின்றது. பிற நாடுகளிலிருந்து உழைக்க வந்தோர் பலர், அவருள் தமிழரும் பலர், ஜூரோங்கின் தொழிலாளர் விடுதிகளில் ஓரறையில் பலராய்த் தங்குகின்றனர். நம் பாட்டன்மார் கிடந்த லயம் நினைவுக்கு வரவில்லையா? 2020 ஏப்ரலில் கொள்ளைநோய் பரவியபோது விடுதிகளை அடைத்து அவர்களை உள்ளே வைத்தனர். எந்தக் கட்டடத்து விழுக்காட்டிலும் அவர்கள் சேர்வதில்லை.

அன்று கீழ்த்தளத்தில் இருந்த ஒன்பதின்மருள் இருவர் பணியுடையில் இருந்தனர். அக்கட்டடத்துப் படிகளைக் கழுவும் இளைஞர்கள். இறந்தவர் எந்த மாடியென்று அவர்களிடமே அறிந்தோம். மூன்றாம் மாடி, மாலையில் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பாராம். விடுதிக்குச் செல்லும் வண்டி புறப்படும் நேரமாயிற்று என்று இருவரும் எழுந்து, மகனிடம் ஒன்றும் சொல்லத் தெரியாமல் கைகூப்பிவிட்டுப் போயினர்.