உன் வெட்கத்தை உனக்குக் கொடுத்தது யார்?

சாமைச்சோறு தின்பதற்கு வெட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

எங்கே தெரியுமா? சாமை விளைந்த மலையிலேயே! கொல்லிமலையில், செம்மேட்டைச் சுற்றிய ஊர்களிலேயே!

விருந்தாளி வந்தால் நெல்லுச்சோறு. யாரும் வராத நாளில் சாமைக்கஞ்சி.

பாட்டனும் பூட்டனும் தின்று உரமேறிய தானியம். பேரனுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

அந்தக் கூச்சம் அவன் காட்டில் விளைந்ததா? தாய்ப்பாலில் கலந்திருந்ததா?

இல்லவே இல்லை! காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கீழேயிருந்து வந்தது!

வெள்ளை அரிசிதான் கௌரவம். சாமையும் கேழ்வரகும் இல்லாதவன் சாப்பாடு. சந்தை சொன்னது. கல்யாணப் பந்தி சொன்னது. கேட்டவன் நம்பினான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ ஏன் தலையைக் குனிந்துகொள்கிறாய்?

"எனக்கு இங்கிலீஷ் வராது." "எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை." "நமக்கெல்லாம் எங்கே சார் கிடைக்கும்!"

உன் மேசை இழுப்பறையில் பாதி நிரப்பிய விண்ணப்பம் ஒன்று கிடக்கிறதே, அதை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால் நீ சொல்லும் பதில்கள் இவை. மூன்றில் எது நீயே யோசித்துக் கண்டுபிடித்தது?

ஒன்றுகூட இல்லை! ஐந்தாம் வகுப்பில் யாரோ சிரித்தார்கள். ஒரு நேர்காணலில் யாரோ உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு மாமா, "இவன் எங்கே தேறப்போகிறான்" என்றார்.

சொன்னவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். நீ மட்டும் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறாய்! ஒரு ராத்திரி தங்க வந்தவனுக்கு வீட்டையே எழுதிக் கொடுத்த ஆள் நீ!

அந்த மலையையே எடுத்துக்கொள். பெயருக்கே 'கொல்லும் மலை' என்று பொருள் சொல்லி நடுங்கினார்கள். கொல்லிப்பாவை சிரித்தே கொன்றுவிடும் என்றார்கள். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து ஏற மறுத்தார்கள்.

இன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்! ஆகாய கங்கை அருவிக்குக் குழந்தை குட்டிகளோடு வண்டி கட்டி வருகிறார்கள். மலை ஓர் அடி நகரவில்லை. சாலை வந்தது. போனவன் உயிரோடு திரும்பி வந்து கதை சொன்னான். பயம் கழன்றது.

நீ இன்னும் அடிவாரத்திலேயே நிற்கிறாயே!

சாமைக்குத் திரும்புவோம். அதைக் கைவிட்ட குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே.

ஜவ்வரிசி ஆலைகள் குச்சிக்கிழங்கைக் காசு கொடுத்து வாங்கின. பிள்ளை படிப்புக்குக் காசு வேண்டாமா? ஆஸ்பத்திரிக்கு வேண்டாமா? சாமையை அன்றைக்கு யார் கேட்டு வந்தார்கள்?

அதைவிடப் பெரிய காரணம் உரலுக்குள் கிடந்தது. சாமையின் உமி லேசில் கழலாது. இடி, புடை, மறுபடி இடி. காட்டுவேலை முடித்து வந்த பெண்தான் உலக்கையையும் தூக்க வேண்டும். ரேஷன் அரிசியோ, கழுவி உலையில் போட்டால் சோறு!

நீயாக இருந்தால் எதை எடுத்திருப்பாய்?

என்னைப்போல் மேடையில் முழங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். "எண்ணத்தை மாற்று, எல்லாம் மாறும்!" என்று சொல்லிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

அந்தப் பெண்ணிடம் போய், "சாமையைப் பெருமையாக நினை தாயே" என்று சொல்லியிருந்தால்? உலக்கையாலேயே விரட்டியிருப்பாள். நியாயம்தான்!

அங்கே நடந்தது என்ன? 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் வேலையைத் தொடங்கியது. பேச்சோடு நிற்கவில்லை. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊருக்குள் வந்தன. பெண்கள் குழுவாகச் சேர்ந்து அவற்றை ஓட்டினார்கள். சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் பொட்டலமாகி மலையிறங்கின.

தோள்வலி குறைந்தது. கையில் காசு புரண்டது. அதற்குப் பிறகுதான் வெட்கம் விலகத் தொடங்கியது. வரிசையைக் கவனி!

முதலில் கை. அப்புறம் மனசு.

நீ என்ன சொல்கிறாய்? "நம்பிக்கை வரட்டும், பிறகு தொடங்குகிறேன்." தலைகீழ்! வராது! உட்கார்ந்திருப்பவனைத் தேடி அது எந்த வீட்டுக்கும் வந்ததில்லை!

இங்கிலீஷ் வராதா? தினம் அரை மணி நேரம் உரக்க வாசி. தப்பும் தவறுமாக வாசி. கணக்கு வராதா? எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கு. யார் பார்த்தால் என்ன?

உன் உமி எது? அதைக் கண்டுபிடி. அதைக் கழற்ற என்ன வேண்டும்? அதைத் தேடி ஓடு!

"வயசாகிவிட்டது" என்கிறாயா? அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சுவாமிநாதனைப் பார். 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர். நெல்லிலும் கோதுமையிலும் பசுமைப் புரட்சிக்கு வழிகாட்டியவர் என்று உலகம் கொண்டாடிய மனிதர். அந்தப் புகழோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

உட்காரவில்லை. அறுபதைக் கடந்த வயதில், 1988இல், புதிதாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். நெல்லும் கோதுமையும் ஓரங்கட்டிய தானியங்களைத் தேடி அவர் நிறுவனமே மலையேறியது! அனுபவம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பார்!

ஊர் என்ன செய்தது? கடைசியில் வந்தது. வழக்கம்போல!

அரசுக் காகிதங்களில் இந்தச் சிறுதானியங்களுக்கு அதுவரை 'கரடுமுரடுத் தானியம்' என்று பெயர். 2018 ஏப்ரலில் மத்திய அரசு அதை மாற்றி, 'ஊட்டச்சத்துத் தானியம்' என்று அறிவித்தது. 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது.

சாமையில் ஒரு மணி பெருத்ததா? ஒரு சத்து கூடியதா? அதே சாமை! இன்று பட்டணத்துக் கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு, அரிசியைவிட அதிக விலை கேட்கிறது!

நேற்று சிரித்ததும் இதே ஊர்தான். இந்த ஊரின் சிரிப்புக்கா நீ பயந்தாய்?

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊர் மனம் மாறிய நாளில் விதை இருந்ததே, எப்படி?

ஊர் சிரித்த காலத்திலும் சில வீடுகளில் அதை விடாமல் வைத்திருந்தார்கள். கட்டவெட்டிச் சாமை. மல்லியச்சாமை. செந்தினை. மூக்காந்தினை. சுருட்டைக் கேழ்வரகு. ஒரு துண்டு நிலத்தில் விதைத்தார்கள். அறுத்தார்கள். அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்தார்கள்.

விருது வரும் என்றா? ஐ.நா. அறிவிக்கும் என்றா?

விதை காத்திருக்காது. விதைக்காமலே வைத்திருந்தால் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். ஊர் மெச்சட்டும் என்று அவர்கள் கைகட்டி நின்றிருந்தால், மெச்சிய நாளில் விதைக்க ஒரு பிடிகூட மிஞ்சியிருக்காது!

தோற்றுவிடுவோம் என்று பயமா? செம்மேட்டுக்குப் போ. குதிரைமேல் சிலையாக இருக்கிறான், அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி. அவன் போரில் வென்றவனா?

தோற்றவன்! மலையமான் திருமுடிக்காரியின் கையில் உயிரையே விட்டவன். அவன் மலை சேரனுக்குப் போனது. ஆனாலும் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கில் செம்மேட்டில் அரசு விழா எடுப்பது யாருக்கு? ஓரிக்கு! கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிப்பிள்ளைகள் படிப்பது யாரை? ஓரியை!

ஒரு போரில் தோற்றவனுக்கே இப்படி. நீ ஒரு தேர்வில் தோற்றால்தான் என்ன?

முழு வெற்றிக் கதை என்று நினைத்துக் கைதட்டிவிடாதே. கொல்லிமலையில் இன்றும் குச்சிக்கிழங்கு நிற்கிறது. இழந்த சாமைக்காடு எல்லாம் திரும்பிவிடவில்லை. மழை ஏமாற்றும் ஆண்டு உண்டு. விலை காலை வாரும் ஆண்டும் உண்டு. விதைக்கிறவர்கள் விதைக்கிறார்கள்.

இழுப்பறையைத் திற. அந்த விண்ணப்பத்தின் மீதிப் பாதியை இன்று ராத்திரியே நிரப்பு. எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். நாளைக் காலை முதல் வேலையாக அனுப்பு. அனுப்பிவிட்டு வந்து என்னிடம் பேசு!