இரண்டாம் ஊசி

இருபத்தெட்டாம் வாரத்திலேயே வலி கண்டு, மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தாயை எண்ணிப் பார்ப்போம். டெக்சாமெத்தசோன் ஊசி போட்டாயிற்று, வலியும் தணிந்தது. பத்து நாள் கழித்து மீண்டும் வலி. “இன்னொரு முறை போட்டுவிடுங்களேன், டாக்டர்” என்று பாட்டி மன்றாடுகிறாள். அந்த மன்றாட்டில் குறை காண யாரால் இயலும்?

முதல் ஊசியைக் குறித்து இந்நகரில் நமக்கு ஐயமில்லை. ஆக்லாந்தில் லிகின்ஸ் என்னும் மருத்துவர், ஸ்டீராய்டு பெற்ற ஆட்டுக்குட்டிகள் குறைமாதத்தில் பிறந்தும் மூச்சுவிடுவதைக் கண்டார். ஹோவியுடன் சேர்ந்து 1972இல் தாய்மாரிடமும் அதன் பயனை மெய்ப்பித்தார். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சு முன்கூட்டியே சுரக்க இம்மருந்து உதவுகிறது. ஆயினும் ஒரு வாரத்திற்குப்பின் பயன் மங்குகிறது என்ற எண்ணத்தால், வாரந்தோறும் ஊசி போடும் வழக்கம் 1990களில் பல நாடுகளில் பரவிற்று.

அன்பு மிகுந்தால் மருந்தும் மிகவேண்டும் என்பது நம் வீடுகளின் பழைய நம்பிக்கை. ஆய்வுகள் அதற்கு எளிதில் இணங்கவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், மறு ஊசி பெற்றோரின் குழந்தைகளில் மூச்சுத்திணறல் 41 விழுக்காட்டிலிருந்து 33ஆகக் குறைந்தது. 20 நாடுகளில் நடந்து 2008இல் வெளியான மற்றோர் ஆய்விலோ, பதினான்கு நாளுக்கொருமுறை போட்டும் குழந்தைகளின் நலம் மேம்படவில்லை. எடை ஏறத்தாழ 110 கிராம் குறைந்தது, தலைச் சுற்றளவும் சிறுத்தது. 110 கிராம் என்பது இரண்டு கைப்பிடி அரிசிதான்; ஆனால் ஒன்றரைக் கிலோக் குழந்தைக்கு அது சிறு அளவன்று.

ஏழு நாள் கடந்திருந்து, அடுத்த ஏழு நாளில் பேறு நிகழும் வாய்ப்பும் மிகுந்திருந்தால் ஒரேயொரு மறுசுற்று என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. அறத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. அடுத்த ஏழு நாளை அறிந்தவர் யார்? ஊசி பெற்ற தாய்மாரில் பலர் நிறைமாதத்தில் பெறுகிறார்கள். அக்குழந்தைகள் பயன் பெறாமலே மருந்தைச் சுமந்தவர்கள். போடாமல் விடுவதும் ஒரு செயலே. மூச்சின்றித் தவிக்கும் குழந்தையின் முன் அதற்கும் நாம் பொறுப்பாளிகள். இசைவு சொல்ல இயலாத உயிர்மீது இருபுறமும் ஊகத்தால்தான் முடிவெடுக்கிறோம்.

அப்படியாயின், அந்த ஊகம் குழந்தைக்காகவா, நம் அச்சத்தைத் தணிக்கவா என்று கேட்பது மருத்துவருக்கும் குடும்பத்திற்கும் உள்ள கடமை என்போம். அத்துடன், பெரும்பாலும் மாமியாரிடமும் கணவரிடமுமே நடக்கும் உரையாடல், படுத்திருக்கும் அந்தப் பெண்ணிடம், அவள் தமிழில், 110 கிராம் உட்பட நடக்கவேண்டும்.