தெரிந்த கேள்விக்குத் தெரியாதவர் போல

கம்ப்யூட்டர் துறையின் பெரிய கம்பெனிகளில் உத்தியோகம் தேடும் நம் இளைஞர்கள் ஒரு மஸ்அலாவை நம்மிடம் கேட்டு வருகிறார்கள். இன்டர்வியூவில் கேட்கப்படும் கணக்கு, தாம் முன்பே போட்டுப் பார்த்து மனனம் செய்ததாக இருந்துவிட்டால் அதைச் சொல்லிவிட வேண்டுமா? அப்போதுதான் யோசித்துக் கண்டுபிடிப்பவர் போல நடந்துகொள்வது குற்றமாகுமா?

விஷயம் தெரியாத அன்பர்களுக்காகச் சிறிது சொல்வோம். கூகுள், அமேஸான் போன்ற கம்பெனிகள் அமெரிக்காவிலாயினும் பெங்களூர், ஹைதராபாத்திலாயினும், ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆளை உட்கார வைத்து, வாய்விட்டு யோசித்தபடியே புரோகிராம் எழுதச் சொல்கின்றன. எண்களின் வரிசை ஒன்றைத் தந்து, எந்த இரண்டைக் கூட்டினால் இன்ன தொகை வரும் என்று கேட்பார்கள். பத்தாயிரம் எண்களை ஜோடி ஜோடியாகக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து கோடிக் கூட்டல்கள். கடந்து வந்த எண்களைக் குறித்துக்கொண்டு, தேவையான மீதி அக்குறிப்பில் உண்டா என்று பார்த்துப் போனாலோ ஒரே நடையில் முடிந்துவிடும். லீட்கோட் என்னும் பயிற்சித் தளத்தின் முதல் கணக்கே இதுதான். இப்படி ஆயிரக்கணக்கில் அங்கு உண்டு. மாதக்கணக்கில் இரவு விழித்து இவற்றைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த உழைப்பில் குறை காண நமக்கு மனமில்லை. மத்ரஸாவில் ஓதும் பிள்ளையும் முதலில் மத்னை மனனம் செய்கிறான். விளக்கம் பின்னால்தான் வருகிறது. பயிற்சி செய்து வாருங்கள் என்று கம்பெனிக்காரர்களே சொல்லி அனுப்புவதும் உண்டு. இரு தரப்பாரும் அறிந்த வழக்கத்தை, ‘உர்ஃப்’ என்று ஃபுகஹாக்கள் கவனத்தில் கொள்வார்கள். சரக்கின் குறையை அறிந்தே வாங்குபவனை யாரும் ஏமாற்றியதாகாது.

நடிப்போ அந்த வழக்கத்தில் அடங்காது. கடைத்தெருவில் பெருமானார் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக விற்பவர் சொன்னார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அந்த மனிதரின் குற்றமன்று. ஈரத்தை உள்ளே விட்டுவைத்தது அவர் செயல். கேள்வி கேட்பவரும் குவியலுக்குள் கைவிட்டுத்தான் பார்க்கிறார். அவருக்கு வேண்டியது விடையன்று. விடையை நோக்கி உங்கள் அறிவு நடக்கும் நடை. நெற்றியைச் சுருக்கி, வேண்டுமென்றே தவறான வழியில் நாலடி போய்த் திரும்பி வந்தால், அவர் கையில் படுவது என்ன?

ஆகவே, வகை பழக்கமானதாயிருந்தால் சொல்ல வேண்டியதில்லை. அதே கணக்காயிருந்தால், “இதை முன்பே போட்டிருக்கிறேன்” என்ற ஒரு வாக்கியம் போதும். அவர் வேறு கணக்கு தரலாம், அதில் நீங்கள் தடுமாறலாம், வேலையே கைநழுவலாம். வீட்டில் கடனும், திருமண வயதில் தங்கையும் உள்ளவரிடம் இதை இலேசாகச் சொல்லிவிட நமக்கு நா எழவில்லை. ஆயினும் ரிஜ்கு அளிப்பவன் அந்த அறையிலும் இருக்கிறான் என்பது நம் ஈமான் அல்லவா?

கேள்விகளை வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டுவிட்டு நண்பர்களுக்கு எழுதி அனுப்புவதில் விவாதத்திற்கே இடமில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடுதான் சூரத்துல் மாயிதா தொடங்குகிறது. வீடியோ இன்டர்வியூவில் செயற்கை நுண்ணறிவை மறைவாக வைத்துக்கொண்டு விடை சொல்வதும் பச்சை மோசடிதான். இது பெருகியதால், ஒரு சுற்றாவது நேரில் நடக்க வேண்டும் என்று கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை 2025-ல் கூறினார்.

இப்படி வேலை பெற்றவரின் சம்பளம் ஹராமா என்றும் கேட்கிறார்கள். வேலையைத் தகுதியோடும் நாணயமாகவும் செய்தால் கூலி அந்த உழைப்புக்கு உரியது. மோசடியின் பாவத்திற்குத் தனியே தவ்பா வேண்டும் என்பது உலமாக்கள் பலரின் தீர்ப்பு. ஆனால் அன்று உண்மை பேசி இடத்தை இழந்த இன்னொருவர் இருந்திருந்தால், அவருடைய ஹக்கு இவர் கழுத்தில் நிற்கிறது. அவர் யாரென்றுகூட இவருக்குத் தெரியாது.