ஏரிக்குள் இறங்கும் சக்கரம்

சித்திரை பிறந்துவிட்டால் தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள ஏரிகளில் நடுக்குட்டை மட்டும்தான் மிஞ்சும். உள்வாய் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்த களிமண், ஓரமெல்லாம் சரளை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே வண்டிகள் இறங்குகின்றன. ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் பைக்குகள், சில நாட்களில் முரட்டு டயர் மாட்டிய தார் ஜீப். கரையில் ஏறி, மதகோரம் சரிந்து, காய்ந்த களியில் வட்டமடித்து, வெயில் உறைப்பதற்குள் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அதே மாதங்களில் அதே சரளையில்தான் ஆட்காட்டிக் குருவி முட்டையிடுகிறது. கூடு என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஒன்றும் கிடையாது. காலால் சீய்த்த ஒரு சின்னக் குழி, சுற்றிலும் நாலைந்து கூழாங்கல், உள்ளே பெரும்பாலும் நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கறுப்புத் திட்டு விழுந்த அந்த முட்டையை இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலும் கல்லென்றே நினைக்கத் தோன்றும். உச்சி வெயிலில் பறவை குட்டைக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்து சூட்டைத் தணிக்கும். ஆளோ நாயோ நெருங்கினால் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்கு அது கேட்காது.

ஓட்டுபவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது நியாயமாகாது. ஹிமாலயன் 2016-இல் சந்தைக்கு வந்த வண்டி. அதைச் செய்யும் ராயல் என்ஃபீல்டின் ஆலைகள் இதே புறநகரின் ஓரத்தில், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. தாரைச் செய்யும் மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் மறைமலை நகரைத் தாண்டினால் வந்துவிடும். அதன் சோதனைத் தடம் செய்யாறு பக்கம் நூற்றுக்கணக்கான ஏக்கரில் விரிகிறது. தார்ச்சாலைப் பந்தயக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், முன்பு சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது; பிறகு சொந்தத் தடம் கட்டிக்கொண்டது. மண்ணில் ஓட்டுவதற்கென்றே வண்டி வாங்கியவருக்குத்தான் போக இடமில்லை. பாலாற்று மணலை நம்பி ‘பாலார் சேலஞ்ச்’ நடத்திய டெரா டைகர்ஸ் போன்ற சென்னை கிளப்புகள் ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டியிருந்ததற்கும் அதுவே காரணம்.

அவர்கள் சொல்லும் வாதம் எளியது: “அரசு நிலம்தானே, எல்லாருக்கும் பொதுதானே?” கிராம வரைபடத்தை விரித்தால் இந்த வாதத்துக்கு ஆதாரம் இருப்பது போலவே தெரியும். வண்டிப்பாதை, மேய்க்கால், மந்தைவெளி, ஏரி என்று ஒவ்வொன்றும் புறம்போக்காகக் குறிக்கப்பட்டிருக்கும். நன்மங்கலத்தில் சுமார் 320 ஹெக்டேர் பரப்பிலும், வண்டலூர் மலையிலும் உள்ள காப்புக்காடுகளுக்கு 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம் வேலி போட்டுவிட்டது. வேலியில்லாத நிலம் இந்தப் புறம்போக்குகள்தான்.

ஆனால் நம் ஊர்களில் பொதுநிலம் ஒருநாளும் கேட்பாரற்ற நிலமாக இருந்ததில்லை. ஏரித் தண்ணீருக்கு முறை உண்டு. இன்று மேல்மடைக்கு, நாளை கடைமடைக்கு. மேய்ச்சலுக்கும் காலம் உண்டு. கரையை உயர்த்தவும் வாய்க்காலைத் தூர்வாரவும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று குடிமராமத்து இருந்தது. எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் எழுதிய நூலில் சுவிஸ் மலையூர்களையும் ஸ்பெயினின் பாசன வட்டாரங்களையும் ஆராய்ந்து இதையேதான் நிறுவினார். பயன்படுத்துபவர்களே விதி வகுத்து, அவர்களே காவலும் காக்கும் இடத்தில் பொதுவளம் நூற்றாண்டுகள் தாங்குகிறது. 2009-இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது.

இங்கிலாந்தில் இதே வண்டிப்பாதை வழக்கு வேறு உருவில் வந்தது. நூற்றாண்டுகளாகக் குதிரை வண்டி போன பாதை என்று நிரூபித்தால், அதில் மோட்டார் வண்டிக்கும் உரிமை உண்டு என்று வாதிட முடிந்தது. வயல்வெளிப் பாதைகள் ஜீப்புகளால் உழப்பட்டன. 2006-இல் வந்த சட்டம், மோட்டார் பாதை என்று ஆவணத்தில் பதிவாகாத பெரும்பாலான பழம்பாதைகளில் அந்த உரிமையை நீக்கிவிட்டது. ஸ்வீடன் இன்னும் தெளிவு. பிறர் நிலத்திலும் காட்டிலும் நடக்கவும் கூடாரமடிக்கவும் அங்கே யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பனி மூடாத வெறுந்தரையில் பொழுதுபோக்குக்காக மோட்டார் வண்டி ஓட்டுவதை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. காலுக்குள்ள உரிமை சக்கரத்துக்கு இல்லை. மாட்டுவண்டி போன தடத்தில் எஞ்சின் வேகத்தோடு ஒரு டயர் சுழல்வது அதே போக்குவரத்து ஆகிவிடாது என்பதை இரண்டு நாடுகளும் கண்டுகொண்டன.

சட்டம் அங்கே முடிகிறது. அதற்கு அப்பால் உள்ள கேள்வி பழையது. அதைக் கேட்டவர்கள் செருப்புகூட இல்லாமல் நடந்தவர்கள்.

பௌத்தத் துறவிகள் மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் வழக்கம் எப்படித் தொடங்கியது என்பதை விநயபிடகம் சொல்கிறது. அந்த விதி தியானத்தில் உதித்ததல்ல; ஊர்மக்களின் முறையீட்டில் பிறந்தது. பிற சமயத் துறவிகள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் இருக்கிறார்கள், பறவைகள்கூடக் கூடு கட்டித் தங்குகின்றன, இந்தச் சாக்கியத் துறவிகள் மட்டும் பச்சைப் புல்லை மிதித்துக்கொண்டும் சிற்றுயிர்களைக் கொன்றுகொண்டும் திரிகிறார்களே என்று மக்கள் குறைபட்டார்கள். புத்தர் அதை ஏற்றுக்கொண்டார். நடக்காதே என்று அவர் சொல்லவில்லை. இந்த மாதங்களில் நடக்காதே என்றார். சமணத்திலும், காஞ்சி மடம் உள்ளிட்ட இந்து மடங்களிலும் இதே வழக்கம் சாதுர்மாஸ்யம் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. உண்ணாவிரதம், பூஜை, பிரசங்கம் என்று பல அதோடு சேர்ந்துகொண்டன. ஆனால் அதன் அடியில் இருப்பது ஒரு மண் கணக்கு: உயிர் பெருகும் பருவத்தில் காலடி வைக்காதிரு.

தென்சென்னையில் அந்தப் பருவம் மழைக்காலத்தோடு முடிவதில்லை. ஆட்காட்டி பங்குனி முதல் ஆடி வரை தரையில் முட்டையிடும். நீலாங்கரைக் கடற்கரையில் பங்குனி ஆமை தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை மணலில் குழி தோண்டும். மேலே வண்டி ஓடினால் மணல் இறுகி, கீழே பொரித்த குஞ்சு வெளியேற முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த ஏரிக்கரையில் டயர் ஏறினால் அந்தத் தடம் வழியாகத்தான் அடுத்த மழை கரையை அரிக்கும்.

சமணம் இன்னும் ஒரு படி போகிறது. தமிழ்ச் சமணர்களின் அறநூலான அருங்கலச்செப்பு, இல்லறத்தாருக்கு உரிய விரதங்களில் அனர்த்த தண்டத்தைத் தவிர்ப்பதையும் சேர்க்கிறது. பயனில்லாமல் செய்யும் தீங்கு என்பது அதன் பொருள். உழவரின் ஏர் மண்புழுவைக் கொல்கிறது. அது வாழ்வுக்காக நேர்வது. பயனின்றி மண்ணைக் கிளறுவது, தீ மூட்டுவது, செடியை ஒடிப்பது, காரணமில்லாமல் சுற்றித் திரிவது ஆகியவை அப்படி அல்ல. இந்த விரதத்தின்படி பார்த்தால் ஏரிக்குள் வட்டமடிக்கும் வண்டிக்கு மன்னிப்பே இல்லை.

ஆனால் இன்பம் பயனில்லாததா? வாரம் ஆறு நாள் கணினித் திரைமுன் குனிந்திருக்கும் ஒருவர், ஏழாம் நாள் கை நடுங்க ஒரு செங்குத்துச் சரிவில் வண்டியை இறக்கி, கீழே வந்ததும் தன்னை மறந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை வெறும் வீண் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. விளையாட்டைத் தெய்வத்துக்கே உரியதாக்கிய மரபு நம்முடையது. மதுரையில் சிவன் ஆடியதாக அறுபத்துநான்கு விளையாடல்களைச் சொல்கிறோம்.

அவற்றில் ஒன்று ஏறக்குறைய இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். வைகை கரையை உடைக்கிறது. வீட்டுக்கு ஒரு பங்கு என்று பாண்டியன் கரையை அளந்துவிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பேசி, கூலியாளாக வருகிறார் சிவன். பிட்டைத் தின்கிறார், பாடுகிறார், ஆடுகிறார், மண்கூடையைத் தலைக்கு வைத்து உறங்குகிறார். ஊரெல்லாம் கரை எழும்பிவிட்டது. வந்தியின் பங்கு மட்டும் திறந்து கிடக்கிறது. மன்னன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அவன் முதுகிலும் அரசி முதுகிலும் எல்லா உயிர்களின் மீதும் விழுகிறது.

எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அது சரிதான். கரையோரத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. பொதுக்கரையில் ஒருவர் ஆடிக் கழித்த பங்கு அவரோடு நிற்காது. வெள்ளம் அந்த இடைவெளி வழியாகத்தான் ஊருக்குள் வரும். கதை ஆட்டத்தைக் குற்றமாக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கூடை மண்ணைக் கொட்டி உடைப்பை அடைத்துவிட்டுத்தான் ஆடியவர் மறைகிறார். ஆடியவருக்கும் ஒரு கூடை மண் பாக்கி இருந்தது.

2019 கோடையில் சென்னைக்குக் குடிதண்ணீர் வற்றியபோது, சிட்லபாக்கம் ஏரிக்குள் அந்தப் பகுதி மக்கள் கையில் மண்வெட்டியோடு இறங்கினார்கள். குப்பையை வாரினார்கள், வண்டலை அள்ளினார்கள். அதன் பிறகுதான் அரசின் சீரமைப்புப் பணி வந்தது. அந்த ஏரிமேல் அவர்களுக்குப் பட்டா கிடையாது. ஆனால் அந்தக் கரையில் யார் நடக்கலாம், எது நுழையக் கூடாது என்று அவர்கள் பேசினால் யாரும் எளிதில் மறுத்துவிட முடியாது. ஆஃப்-ரோடு கிளப்புகள் தேடிக்கொண்டிருக்கும் உரிமை இந்த வகையைச் சேர்ந்தது. மனு போட்டு வாங்குவதற்கு முன்னால் மண் சுமந்து வாங்க வேண்டியது.

அதற்கான பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் நம்பிக்கை தருகிறது. நல்ல கிளப்பில் ஒற்றை வண்டியாக யாரும் போவதில்லை. கடினமான இடம் வந்தால் ஓட்டுபவர் இறங்கி, முதலில் காலால் நடந்து தடத்தைப் பார்க்கிறார். முன்னே நான்கு முழம் தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்று சமணத் துறவிக்குச் சொன்ன விதியிலிருந்து அது அதிக தூரமில்லை. சேற்றில் புதைந்த வண்டியை வின்ச் போட்டு இழுக்கும்போது இரும்புக் கயிற்றை நேராக மரத்தில் சுற்றினால் பட்டை அறுந்து மரம் பட்டுப்போகும். அதனால் கையகலத் துணிப்பட்டையை மரத்தில் கட்டி, அதில் கயிற்றைக் கோக்கிறார்கள். மரத்துக்கு நோகாமல் கட்டத் தெரிந்தவருக்கு, முட்டைக்கு நோகாமல் ஓட்டவும் கற்றுக்கொடுக்கலாம். அமெரிக்க வனத்துறை 1985-இல் மண்ணில் மெல்ல மிதிக்கச் சொல்லி ஓர் இயக்கத்தைத் தொடங்கியபோது, நம்பியது ஓட்டுபவர்களின் இந்த மனத்தைத்தான்.

நடப்பவர்களுக்கு ஒழுங்கு பெரும் விலைக்குப் பிறகுதான் வந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்ற விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்கள் முறையாகத் திறக்கப்பட்டன. 2025-இல் தீப்பருவம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவை மூடப்பட்டன. அரசு தன்னை அறியாமலே சாதுர்மாஸ்யத்தின் வழிக்கு வந்துவிட்டது: இடம் திறந்திருக்கும், பருவம் மூடியிருக்கும். சக்கரத்துக்கும் அப்படி ஒரு நாட்காட்டி வேண்டும். அதை வகுக்க இன்னொரு குரங்கணி வரை காத்திருப்பது பாவம் என்றே சொல்ல வேண்டும்.

முழுத் தடை ஒரு வழியாகத் தெரியலாம். ஆனால் தடை போட்ட இடத்திலிருந்து முதலில் விலகுபவர்கள் பொறுப்புள்ள கிளப்காரர்கள்தான். விடியுமுன் வந்து, படம் பிடித்து, மறைந்துபோகிறவருக்குத் தடை பொருட்டல்ல. பிறகு அந்த ஏரியில் அவரைத் தட்டிக்கேட்க அதே ஆட்டத்தை நேசிக்கும் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

யாரிடம் போய்ப் பேசுவது என்பதும் இங்கே சிக்கல்தான். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் ஆகியவை அதற்குள் வந்துவிட்டன. அங்கே கிராமசபை கிடையாது. ஊராட்சியாகவே இருக்கும் ஊர்களும் சுற்றிலும் உண்டு. அங்கே மே 1 அன்று கிராமசபை கூடும். ஆட்காட்டி முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. கிளப்பிலிருந்து இரண்டு பேர், வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, அந்தக் கூட்டத்தில் போய் உட்காரலாம். அவர்கள் அந்த ஊர் வாக்காளர்கள் அல்ல. தீர்மானத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை. மாடு மேய்ப்பவர் எந்தத் தடத்தை விடச் சொல்கிறார், மதகு எந்தப் பக்கம் பலவீனமாக இருக்கிறது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை உள்வாய்க்கு வரவேண்டாம் என்கிறார் என்று குறித்துக்கொள்ளலாம். ஆடி கழிந்ததும் திரும்பி வந்து, முதல் ஞாயிறு அந்த மதகோரம் மண்ணடிக்கலாம்.