மாயையா, தீட்டா?

பாதரசத்தையும் கந்தகத்தையும் அத்தனை நுட்பமாகக் கையாண்ட நாட்டில் சோதனை அறிவியல் ஏன் பட்டுப்போனது? கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் வேதியியல் கற்பித்த பிரபுல்ல சந்திர ராயை இந்தக் கேள்வி விடவில்லை. 1896-இல் மெர்குரஸ் நைட்ரைட்டைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர், பழைய ரசவாத ஏடுகளைத் தேடிப் படித்து, இந்து வேதியியலின் வரலாற்றை 1902-இல் வெளியிடத் தொடங்கினார். அதில் இரண்டு காரணங்களைச் சொன்னார். ஒன்று, உலகை மாயை என்ற சங்கரரின் வேதாந்தம். மற்றது, சாதி. முதலாவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவதை மறுக்க முடியவில்லை.

சங்கரரின் காலம் எட்டாம் நூற்றாண்டு என்பார்கள். ராயே பதிப்பித்த ரசவாத நூலான ரசார்ணவம் அதற்குப் பல தலைமுறை பிந்தியது. ரசரத்ன சமுச்சயம் அதற்கும் பிந்தியது. மாயாவாதம் உலைகளை அணைத்திருந்தால் இந்த நூல்கள் பிறந்திருக்குமா? சங்கரரும் நெருப்பு சுடாது என்று சொல்லவில்லை. அன்றாட நடப்பின் அளவில் உலகை அவர் ஒப்புக்கொண்டார். திருவரங்கத்திலோ உலகம் மெய், இறைவனின் உடல் என்றே இராமானுசர் நிறுவினார். அந்தத் தத்துவம் வேரூன்றிய ஊர்களிலும் ஆய்வுக்கூடம் எழவில்லை.

சாதியின் தீட்டு வேறு வகை. பழைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை பிணத்தை அறுத்துப் பார்த்துக் கற்கச் சொன்னது. தரும நூல்கள் பிணத்தைத் தொட்டவனைத் தீட்டுப்பட்டவன் என்றன. தத்துவத்தோடு வாதாடலாம், தீட்டோடு எப்படி வாதாடுவது? கைத்திறன் அழியவில்லையே, டெல்லி இரும்புத் தூண் நிற்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ராயின் குற்றச்சாட்டே அதுதான்: உலையில் நின்றவனுக்கு ஏடு கிடைக்கவில்லை, ஏடு வைத்திருந்தவன் உலைப்பக்கம் போகவில்லை. கைவேலையைக் கிரேக்கரும் இழிவாகத்தானே நினைத்தார்கள் என்பது இன்னொரு மறுப்பு. நினைத்தார்கள். ஆனாலும் பிற்கால ஐரோப்பாவில் கொல்லர் மகன் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் நிறுவனத்துக்குள் நுழைந்தபோது, அவர் தொட்ட குடுவையைக் கழுவி எடுக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

தாம் எழுதியதை ராய் கையாலும் செய்தார். 1892-இல் பெங்கால் கெமிக்கல்ஸைத் தொடங்கியவர், மாட்டு எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, கந்தக அமிலத்தில் இட்டுப் பாஸ்பேட் உப்பு எடுத்தார். மேல்சாதி வீட்டில் பிறந்த, எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர் அவர். அவரிடம் வேதியியல் படித்தவர்களில் ஒருவர் மேகநாத் சாகா. விடுதியில் சாதியைச் சொல்லி உடன் உண்ண இடம் மறுக்கப்பட்டவர். விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பத்தை அறிய உதவும் சமன்பாட்டை 1920-இல் தந்தவரும் அவரே.