பத்திரத்தில் எழுதாத சொத்து

ஒருவர் தமக்கு முழு உரிமையுள்ள ஒரு கட்டடத்தை விற்கிறார். விலையில் வஞ்சகம் இல்லை. குறை எதனையும் அவர் மறைக்கவும் இல்லை. வாங்குபவர் மனமொப்பி வாங்குகிறார். பின்னர் அதனை இடித்துவிட்டு, நகராட்சியின் அனுமதியோடு வேறொன்றைக் கட்டுகிறார். இக்கொடுக்கல் வாங்கலில் ஏதேனும் குற்றம் உண்டா என்று மதரஸா மாணவன் ஒருவனைக் கேட்டால், அவன் சற்றும் தயங்காமல் "இல்லை" என்பான். அவன் விடை சரியானதே.

அக்கேள்வியையே சிறிது விரித்துக் கேட்போம். ஓர் ஊரில் பலர் இவ்வாறே ஒருவர்பின் ஒருவராக நேர்மையுடன் விற்கின்றனர். பலர் நேர்மையுடன் வாங்கி இடிக்கின்றனர். முடிவில் அவ்வூர் தன் இயல்பை இழந்து நிற்கிறது. எவரும் விற்காத, எவரும் விலை கொடுத்து வாங்காத ஒன்று அங்கிருந்து மறைந்துவிட்டது. அது யாருடைய பொருள்? அதன் இழப்புக்குப் பொறுப்பாளி யார்? இப்போது மாணவன் தயங்குவான். அவன் ஆசிரியரும் தயங்கத்தான் செய்வார்.

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துத் தென்கோடியில், அட்லாண்டிக் கடலோரத்தில், 'ஐந்து மைல் கடற்கரை' என்னும் பெயருடைய ஒரு மணல் தீவு உள்ளது. வடக்கு வைல்ட்வுட், வைல்ட்வுட், வைல்ட்வுட் கிரெஸ்ட் என்னும் ஊர்கள் அத்தீவில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், உழைக்கும் மக்களின் கைகளிலும் கார் வந்து சேர்ந்தது. 1950களின் நடுவில் கடலோர மாவட்டங்களை இணைக்கும் பெருஞ்சாலையும் திறக்கப்பட்டது. பிலடெல்பியா முதலிய நகரங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் கோடை விடுமுறையில் இங்கு வரத் தொடங்கின. அவர்களுக்காக 1950களிலும் 1960களிலும் எழுந்த விடுதிகள் முந்நூறுக்கும் மேற்பட்டவை. காரில் வருவோர் தம் அறைவாசலிலேயே காரை நிறுத்திக்கொள்ளத்தக்க அவ்விடுதிகளை மோட்டல் என்பர்.

அவை இரண்டு மூன்று மாடிகளுக்கு மேற்படாதவை. நடுவில் ஒரு நீச்சல் குளம். அதனைச் சுற்றி அறைகள். அறைகளுக்கு முன்னே தெருவை நோக்கித் திறந்த தாழ்வாரம். வண்ண வண்ண நியான் விளக்குகள், சாய்ந்த கூரைகள், குளிர்நாட்டில் வளராத தென்னைக்கும் பனைக்கும் பதிலாகப் பிளாஸ்டிக் மரங்கள் ஆகியவை அவற்றின் அணிகலன்கள். 1957இல் கட்டப்பட்ட கரீபியன் மோட்டலின் குளம் பிறை வடிவமானது. 1962இல் கட்டப்பட்ட ஷாட்டோ ப்ளூ மோட்டலின் குளம் இதய வடிவமானது. அக்காலத்து இளைஞர் கூடிப் பாடிய பாட்டு வகையொன்றின் பெயரால் இக்கட்டடக் கலையைப் பிற்காலத்தார் 'டூ-வாப்' என அழைத்தனர். அம்மாநிலத்துக் கடலோர ஊர்கள் பல, கடற்கரையில் கால் வைக்கவே கட்டணம் வாங்குபவை. வைல்ட்வுட்டின் கடற்கரைக்கோ கட்டணமே இல்லை. செல்வர் அல்லாதவரும் ஆண்டில் சில நாட்கள் கடலைத் தமதென்று எண்ணி வாழ இடமளித்த ஊர் அது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலை மாறிற்று. கடலோர நிலத்தின் விலை ஏறியது. வட்டி குறைந்ததனால் வீடு வாங்குவோர் பெருகினர். விடுதிகளைக் கட்டியவர்கள் முதுமையுற்றனர். அவர்தம் பிள்ளைகளோ வேறு தொழில்களுக்குப் போய்விட்டனர். சில மாதக் கோடையில் ஈட்டிய வருமானத்தைக் கொண்டு ஆண்டு முழுவதற்குமான வரியும் பழுதுபார்ப்பும் செய்யவேண்டிய தொழில் அது. அறைகளை வாடகைக்கு விட்டுப் பல ஆண்டுகளில் சேர்க்கத்தக்க தொகை, நிலத்தை விற்றால் ஒரே நாளில் கிடைக்கும் என்றாயிற்று. மோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டன. அவ்விடங்களில் கொண்டோமினியம் எனப்படும் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 2006இல் அமெரிக்க வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, அந்நாட்டில் பேராபத்துக்கு உள்ளான 11 இடங்களில் ஒன்றாக வைல்ட்வுட் மோட்டல்களைச் சேர்த்தது. பின்னர் வீட்டு விலைகள் சரிந்து, 2008இல் பொருளாதார நெருக்கடியும் வந்தபோது இடிப்பின் வேகம் தணிந்தது. அறவுரை செய்யாததைச் சந்தை செய்தது என்றே சொல்லவேண்டும்.

இவ்விடத்தில் வாசகர் இருவகை ஐயங்களை எழுப்பக்கூடும். முதலாவது, கேளிக்கைக்காக எழுந்த ஓர் ஊரின் அழிவுக்கு நாம் ஏன் கவலைப்படவேண்டும் என்பது. நீதி பற்றிய கேள்வி, நமக்கு உவப்பான இடத்தில் மட்டும் எழுவதன்று. அவ்வூரின் ஆட்டபாட்டங்களை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆலைத் தொழிலாளி தன் மனைவி மக்களுடன் சில நாட்கள் கடற்காற்று வாங்கினான் என்பதை எந்த மார்க்கம் பழிக்கும்?

இரண்டாவது, இதில் புதுமை என்ன என்பது. மோட்டல்களும் ஒருநாள் புதியவையாகத்தானே வந்தன? பழைய தங்கும் மனைகளை நேசித்த எத்தனையோ பேர் அன்று அந்த நியான் விளக்குகளைக் கண்டு முகம் சுளித்திருக்கலாம். இது வலிமையான வாதம். மாற்றம் என்பதே தீமை என்று நான் வாதிடவில்லை. உலகம் மாறுவது அல்லாஹ்வின் நியதி. பழமை என்னும் ஒரே காரணத்தால் ஒன்று புனிதமாகிவிடாது.

மூன்றாவதாக, ஆலிம்களாகிய எம்மைப் போன்றோர்க்கு ஒரு சோதனை உண்டு. உயர்ந்த இடமெல்லாம் வீண்பெருமைக்காகக் கட்டடம் எழுப்பி, என்றென்றும் வாழப்போகிறவர்களைப் போல மாளிகை அமைத்த ஆது சமூகத்தாரை ஹூது நபி (அலை) அவர்கள் கண்டித்த வரலாறு திருக்குர்ஆனின் ஷுஅரா அத்தியாயத்தில் வருகிறது. அதனை எடுத்து இந்த அடுக்குமாடிக்காரர்கள்மீது வீசுவது எளிது. ஆனால் அது நீதியாகாது. வாங்கியவருள் பலர் பேரரசர் அல்லர். குழந்தைப் பருவத்தில் பெற்றோருடன் அதே மோட்டல்களில் தங்கி, அந்நினைவால் அவ்வூரில் தமக்கென ஒரு வீடு வேண்டும் என விரும்பியவரும் அவருள் இருந்திருப்பர். அவர்கள் நேசித்த ஊரை அவர்களுடைய நேசமே கரைத்தது. இங்குத் தீயவன் ஒருவனைத் தேடினால் நாம் ஏமாந்துபோவோம். தீயவன் இல்லாமலே தீங்கு நேர்ந்திருக்கிறது என்பதே இப்பிரச்சினையின் கடினம்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு வழி ஏதும் காட்டுகின்றனவா? நேரடியாக இல்லை, ஆனால் மூன்று படிகள் உள்ளன.

முதற்படி ஷுஃப்ஆ என்னும் சட்டம். நிலத்தில் பங்குள்ள ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்றால், அதே விலைக்கு அதனைத் தாமே எடுத்துக்கொள்ளும் உரிமை மற்றப் பங்காளிக்கு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வுரிமை பங்காளியோடு நின்றுவிடுகிறது; ஹனஃபீ மத்ஹபிலோ அடுத்த மனைக்காரருக்கும் அது உண்டு. எல்லையைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் இருவருக்கிடையே நடக்கும் விற்பனை மூன்றாமவரின் வாழ்வைத் தொடக்கூடும் என்பதில் வேறுபாடு இல்லை. 'என் பொருள், என் விருப்பம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை.

இரண்டாம்படி, ஒருவர் பிறருக்குத் தீங்கிழைப்பதும், பதிலுக்குப் பதிலாகத் தீங்கு செய்வதும் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தருளிய பொதுவிதி. தன் மனையில் கட்டுகிறவன் அண்டை வீட்டாரின் மறைவைக் கெடுக்கும் வண்ணம் சாளரம் திறக்கலாமா என்று சட்ட அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்தது இவ்விதியின் அடிப்படையிலேயே. ஆயினும் இவ்விதி, தீங்கு செய்தவன் ஒருவனையும் தீங்குற்றவன் ஒருவனையும் எதிரெதிரே நிறுத்தக் கேட்கிறது. வைல்ட்வுட்டில் அப்படி எவரையும் நிறுத்த இயலாது. ஒரு மோட்டல் இடிந்ததனால் ஊர் அழிந்துவிடவில்லை. நூறாவது மோட்டலை விற்றவர் முதல் மோட்டலை விற்றவரைவிடப் பெரிய குற்றவாளியும் அல்லர்.

மூன்றாம்படியே நமக்கு வெளிச்சம் தருவது. ஹிஜ்ரி 790இல் (கி.பி. 1388) மறைந்த கர்னாத்தா நகரத்துப் பேரறிஞர் இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்கள் 'அல்முவாஃபகாத்' என்னும் நூலில், 'முபாஹ்' எனப்படும் அனுமதிக்கப்பட்ட செயல்களைப் பற்றி ஓர் அரிய நுட்பத்தை விளக்குகின்றார். ஒரு செயல் தனித்தனியே நோக்கும்போது அனுமதிக்கப்பட்டதாக இருக்கும். மொத்தமாக நோக்கும்போது அதன் தீர்ப்பு மாறிவிடும். சோலையில் உலவுவதும் பறவையின் பாட்டைக் கேட்பதும் எப்போதாவது செய்தால் ஆகுமானவை. அதுவே ஒருவனின் முழுநேர வேலையாகிவிட்டால் விரும்பத்தகாதது. மறுபுறம், வாணிகம் செய்வதும் செய்யாதிருப்பதும் தனிமனிதனின் விருப்பம். ஆனால் மக்கள் அனைவருமே வாணிகத்தைக் கைவிட்டால் சமுதாயத்தின் அடிப்படைத் தேவை ஒன்று அழிந்துவிடும். ஆதலால் மொத்தத்தில் அது கடமையாகிறது.

இமாம் அவர்கள் கடலோர விடுதிகளைப் பற்றிப் பேசவில்லை; அவர்களுடைய அளவுகோலை நான் எடுத்துப் பொருத்திப் பார்க்கிறேன், அவ்வளவே. இது ஃபத்வாவும் அன்று. ஆனால் இந்த அளவுகோல் நம் தயக்கத்தின் காரணத்தைத் துலக்கிவிடுகிறது. மாணவனின் முதல் விடை பகுதியைப் பற்றியது. இரண்டாம் கேள்வியோ மொத்தத்தைப் பற்றியது. மொத்தத்திற்கான பொறுப்பைத் தனித்தனி ஆட்களின் கணக்கில் பங்கிட்டு எழுதிவிட முடியாது. அது ஜனாஸாத் தொழுகையைப் போன்ற பொறுப்பு. சிலர் நிறைவேற்றினால் எல்லார் மீதிருந்தும் நீங்கும். எவரும் நிறைவேற்றாவிட்டால் எல்லாரையும் சாரும். ஒவ்வொருவரும், 'என் விடுதி ஒன்று போனால் என்ன, மற்றவை இருக்கின்றனவே' என்று எண்ணினர். மற்றவரும் அவ்வாறே எண்ணினர். ஃபர்ளு கிஃபாயா தவறிப்போவது எப்போதும் இந்த வழியில்தான்.

இதில் வியப்பு ஒன்றும் உண்டு. இடித்தபின் எழுந்த கொண்டோமினியம் என்னும் ஏற்பாட்டின் உயிர்நாடியே பொதுச்சொத்துத்தான். அறைகள் தனித்தனி உரிமை. மனை, மாடிப்படி, கூரை, நடைவழி ஆகியவை எல்லாருக்கும் கூட்டுரிமை. அவற்றில் தன் பங்கை மட்டும் பிரித்து எவரும் விற்க இயலாது. அவற்றின் பராமரிப்புக்கு எல்லாரும் பணம் தரவேண்டும். நியூ ஜெர்சியில் இதற்கென 1969 முதலே சட்டம் உள்ளது. ஒரு கட்டடத்துக்குள் மாடிப்படி பொது என்று எழுதிவைத்த மனிதன், அக்கட்டடத்துக்கு வெளியே ஊர் முழுவதற்கும் பொதுவாக இருந்த ஒன்றை எழுதிவைக்கவில்லை. தெருவில் நடப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்த தாழ்வாரங்கள், கையில் குறைந்த பணத்தோடு வருபவருக்கும் அறை உண்டு என்னும் நம்பிக்கை ஆகிய இவை எந்தப் பத்திரத்திலும் இல்லை. பத்திரத்தில் இல்லாததனால் விற்பனையின்போது எவர் கண்ணிலும் படவில்லை.

அப்படியானால், விற்கக்கூடாது என்று அந்த முதியவர்களைத் தடுத்திருக்கவேண்டுமா? அதுவும் அநீதியே. வாழ்நாளெல்லாம் படுக்கை விரித்து, குளம் துப்புரவு செய்து உழைத்த ஒரு மூதாட்டிக்கு அக்கட்டடமே ஓய்வூதியம். ஊரின் அழகுக்காக அவள் ஒருத்தி வறுமையை ஏற்கவேண்டும் என்று ஊரார் கூறுவது, தம் கடமையை அவள் தலையில் ஏற்றுவதாகும். பயனை அடைபவனே சுமையையும் ஏற்கவேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஊர் முழுவதும் பயன் பெறுமானால் ஊர் முழுவதும் செலவிடவேண்டும். வரியைக் குறைக்கலாம், பழுதுபார்க்கக் கைகொடுக்கலாம், விற்பவருக்கு உரிய விலையை ஊரே தரலாம். சொத்தைச் சந்தையிலிருந்து விலக்கிப் பொதுப்பயனுக்கு நிலைநிறுத்தும் வக்ஃபு என்னும் ஏற்பாட்டை நம் முன்னோர் இத்தகைய தேவைகளுக்காகவே போற்றி வளர்த்தனர். பொருள் செலவிடாத புலம்பலுக்கு மதிப்பில்லை.

வைல்ட்வுட்டில் சிலர் அக்கடமையைச் செய்யவும் முன்வந்தனர். 1997இலேயே டூ-வாப் பாதுகாப்புக் கழகம் ஒன்று தோன்றியது. இடிபடும் நிலையிலிருந்த கரீபியன் மோட்டலை 2004இல் புதிய உரிமையாளர்கள் வாங்கி, இடிக்காமல் சீர்செய்தனர். மறு ஆண்டில் அது தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் இடம்பெற்றது. அப்பதிவேடு ஒரு சிறப்பேயன்றிப் பூட்டு அன்று. தன் சொந்தப் பணத்தில் இடிக்க விரும்பும் உரிமையாளரை அது தடுக்காது. ஆகவே அக்கட்டடத்தைக் காத்தது ஏடு அன்று, மனிதரின் விருப்பமே. 1963இல் கட்டிய ஓர் உணவகத்தைக் கழற்றியெடுத்து, வேறிடத்தில் மீண்டும் நிறுத்தி அருங்காட்சியகமாக்கினர். இடிபட்ட விடுதிகளின் நியான் பெயர்ப்பலகைகள் அதன் தோட்டத்தில் நிற்கின்றன. நல்ல முயற்சிதான். ஆயினும் விடுதி இல்லாத பெயர்ப்பலகை மீசான் கல்லைப் போன்றது. பெயரைச் சொல்லும், வந்தவருக்கு இடம் தராது.

கேள்விக்கு மீண்டும் வருகிறேன். மறைந்த பொருள் யாருடையது? அது அங்கே வாழ்ந்தோர்க்கும் வந்து போனோர்க்கும் இனி வரவிருந்தோர்க்கும் உரிய அமானிதம். பொறுப்பாளி யார்? தனித்தனியே எவரும் அல்லர், ஒன்றுசேர்ந்து எல்லாரும். மறுமையில் ஒவ்வோர் ஆத்மாவும் தன் சுமையையே சுமக்கும் என்பது நம் நம்பிக்கை. அச்சுமையுள், நாம் செய்தவை மட்டுமல்ல, பிறர் செய்வார் என்று நாம் விட்டுவிட்டவையும் அடங்கும்.

விற்பதும் வாங்குவதும் நம் எல்லார் வாழ்விலும் உண்டு. அடுத்த முறை கையொப்பமிட அமரும்போது, விலை சரியா, அளவு சரியா, வாரிசுகள் ஒப்பினரா என்று பார்ப்பதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்வோமாக: இந்தப் பத்திரத்தில் எழுதாத எதனை நான் இதனுடன் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்? விடை கிடைத்தபின் விற்கவும் செய்யலாம். ஆனால் அறிந்து விற்பது வேறு. அறியாமல் இழப்பது வேறு. அல்லாஹ் நமக்கு அறிவையும், அறிந்தபடி நடக்கும் ஆற்றலையும் தந்தருள்வானாக. ஆமீன்.